விளக்கேற்றி வீட்டின் பச்சைச் சுவர்

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவருக்கு வரவே கூடாத ஒரு வியாதி நம்ம கலர்காரருக்கு இருந்தது. தன் கண்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. கடைக்கு வருகிறவர்கள் சுவரிலிருந்து நகத்தால் பெயர்த்த ஒரு சில்லைத் தாளில் மடித்துக்கொண்டு வந்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். அதற்கென்றே கடையில் ஒரு மெஷின் உண்டு. சில்லை அதன் வாயில் வைத்தால் எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று அதுவே சொல்லிவிடும். கலர்காரர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். சில்லை வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார், பிறகு மற்றதை மூடுவார். "பழைய ஆள் கறுப்பைக் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தியிருக்கான்" என்று முகம் தெரியாத எவனையோ திட்டிவிட்டுக் கலக்க ஆரம்பிப்பார். பெரும்பாலும் சரியாக வந்துவிடும். வராத நாட்களில் அந்தச் சுவர்தான் வெயிலில் நிறம் மாறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்கு அவருடைய வீட்டு ஹாலே சாட்சி. எந்தக் கலர் என்று முடிவு செய்ய முடியாமல் சோதனைக்கு அடித்த நாலு பட்டைகள் பல வருஷமாக அப்படியே இருந்தன. "யாராவது வந்தா நாலு பட்டைக்கும் முன்னால நாலு பேரை உட்காரவெச்சு மறைக்கிறேன்" என்பாள் அவர் மனைவி. ஐந்தாவதாக ஒருவர் வந்தால் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கதையை இப்போதெல்லாம் அவரே எல்லோருக்கும் சொல்கிறார். கேட்கிறவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிட வேண்டும் என்கிற முன்ஜாக்கிரதை. அவர் சொல்லும்போது இதைவிட மோசமாகச் சொல்வார், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் அவருக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரு அறை. அப்பா ஹாலுக்குப் புது டிவி வாங்கியதும் பழைய டிவி அந்த அறைக்கு வந்தது. அதே சமயத்தில் மாமா ஒருவர், தான் விளையாடிச் சலித்த ஒரு வீடியோ கேம் பெட்டியையும் உறையில்லாத ஒரே ஒரு சிடியையும் தூக்கிக் கொடுத்தார். சிடியின் மேல் பேனாவால் 'விளக்கேற்றி' என்று எழுதியிருந்தது. அதில் பனிமூட்டத்துக்குள் ஒரு ஊர். தோளில் ஏணியைச் சாத்திக்கொண்டு ஒருத்தன் தெருத்தெருவாகப் போய்க் கம்பத்து விளக்குகளை ஏற்றுவான். ஏற்ற ஏற்ற ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியும். கடைசி விளக்கு அவனுடைய வீட்டு வாசலில். அது எரிந்ததும் வீட்டுச் சுவர் தெரியும், ஒரு பெண் உள்ளிருந்து கதவைத் திறப்பாள், அவ்வளவுதான் கேம். ஏணி ஏறுவதெல்லாம் அக்கா, அவள் விரல் வேகம். எந்தத் தெருவில் திரும்புவது என்பது தம்பியின் இலாகா. கதவு திறக்கும்போது இரண்டு பேரும் அழுவார்கள். எத்தனையாவது தடவை திறந்தாலும் அழுவார்கள்.

அந்தச் சுவர் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியுமே, அந்தப் பாசிப் பச்சை. கலர் என்றால் என்ன என்று தனக்குப் புரிந்ததே அந்தச் சுவரைப் பார்த்துத்தான் என்று கலர்காரர் எல்லோரிடமும் சொல்வார். கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கேம் பெட்டி ஒருநாள் புகைந்து செத்தது. அக்கா கல்யாணமாகிப் போனாள். பல வருஷம் கழித்து, விளக்கேற்றியை உருவாக்கிய கம்பெனிக்காரர்கள் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். கலர்காரர் ஒரு துண்டு வீடியோவைப் போனில் பார்த்தார். வீடு செங்கல் சிவப்பில் இருந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'ஒரிஜினலில் பச்சை. கண் உள்ளவர்களுக்குத் தெரியும்' என்று வீடியோவுக்குக் கீழே எழுதினார். சிரிக்கிற பொம்மை முகங்களாக வந்து குவிந்தன. நாலு பேர் சிரித்தால் யோசித்துப் பார்ப்பவன் மனிதன். கலர்காரர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒருத்தனும் ஒத்துக்கொள்ளாததே தன் கண்ணின் கூர்மைக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டார்.

இப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில் ஒரு பெண் கடைக்கு வந்து, கையிலிருந்த படத்தைக் கவுண்டரில் வைத்தார். செங்கல் சிவப்பில் ஒரு சுவர். "இதே ஷேடுல எனக்கு நிறைய வேணும். நாளைக்கே" என்றார்.

கலர்காரர் படத்தைப் பார்த்தார். கதவுக்கு இடதுபக்கம் இருந்த விரிசலைப் பார்த்தார். 

"இது விளக்கேற்றி வீடுதானே மேடம்?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. விளக்கேற்றியை வெப் சீரிஸாக எடுக்கிறார்கள். கடைக்குப் பின்தெருவில் காலியாகக் கிடந்த பெரிய கிடங்கில்தான் செட். அவர்தான் கலை இயக்குநர், வேலையாட்களுக்கு ஆர்ட் மேடம். விளக்கேற்றி போட்டிருக்கும் கோட்டு உடையை மட்டும் முன்கூட்டியே படம் எடுத்து வெளியிட்டிருந்தார்கள், கேம் ரசிகர்கள் பிடி பிடி என்று பிடித்துவிட்டார்கள். பொத்தான் தப்பு, காலர் தப்பு, 'இவன் எங்க விளக்கேற்றியே இல்லை' என்று ஒரே ரகளை. கேமைச் சின்ன வயதிலேயே விளையாடிய ஒருத்தரை மேடம் தேடிக்கொண்டிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்தார், பாவம்.

"கலர் தப்பு மேடம். இது புதுப் பதிப்புல மாத்தினது. பழசுல சுவர் பச்சை."

"பழசோட படமும் நெட்டுல பார்த்தேனே. சிவப்பாத்தான் இருந்துச்சு."

"அதெல்லாம் யாரோ பின்னாடி எடுத்துப் போட்டது. ஒருத்தன் மெருகேத்தியிருப்பான், ஒருத்தன் வெளிச்சம் கூட்டியிருப்பான். நான் அந்த வீட்டு வாசல்லயே வளர்ந்தவன்."

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கதவின் கீல் எந்தப் பக்கம், படியில் எந்தக் கல் உடைந்தது, ஜன்னல் கம்பியில் எது வளைந்தது, விளக்குக் கம்பத்தில் எந்த இடத்தில் கயிறு சுற்றியிருக்கும். மேடம் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. இத்தனையும் சரியாகச் சொல்கிறவர் ஒரு சுவரின் நிறத்தைத் தப்பாகச் சொல்வாரா? அதுவும் பெயிண்ட் கடையில் நின்றுகொண்டு? நீங்களாக இருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

அன்றிலிருந்து காலையில் கடை, மதியத்துக்குமேல் கிடங்கு. கிடங்கில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். கேட்காமலே டீ வந்தது. சுவர் பச்சையானது, படிகள் பச்சையாயின, விளக்குக் கண்ணாடிக்குள்ளும் மெல்லிய பச்சைத் தாள் ஒட்டச் சொன்னார். தச்சர் ஒருத்தர், "அண்ணே, என்னையும் ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க" என்று கேட்டே விட்டார். கலர்காரர் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குப் போனாலும் அந்த மிதப்பு இறங்கவில்லை. மனைவி ஒரு புடவையைக் காட்டி நல்லா இருக்கா என்று கேட்டால், "எந்தப் பதிப்பு?" என்கிற மாதிரி பார்த்தார்.

டைரக்டர் ஒருநாள் செட்டுக்குள் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "என்னம்மா இது, தண்ணி ஏறின மாதிரி இருக்கு?"

"ஒரிஜினல் இதுதான் சார். நான் பொறுப்பு" என்றார் ஆர்ட் மேடம்.

டைரக்டர் போனபிறகு மேடம் கலர்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை கேமை உருவாக்கினவங்களே செட்டைப் பார்க்க வர்றாங்க. கோட்டு விஷயத்துலேயே என்மேல கடுப்புல இருக்காங்க. இதுவும் தப்பாப் போச்சுன்னா எனக்கு வேலை போயிடும். அப்புறம் யாரும் கூப்பிடவும் மாட்டாங்க. நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"என் கண்ணுமேல சத்தியம் மேடம்" என்றார் கலர்காரர்.

புதன்கிழமை அவர் அக்காவை வரவழைத்தார். அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவளுடைய கண்ணைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் கூட்டிப்போனார். நாற்பது தாண்டிய மனிதர், தொப்பை வேறு, குதிக்காத குறை. வாசலுக்கு நேராக நிறுத்திக் கையை எடுத்தார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய்ச் சுவரைத் தொட்டாள். "அப்படியே இருக்குடா" என்றாள். "நம்ம ரூம் டிவியில வந்த மாதிரியே இருக்கு. இதை எப்படிடா இவங்களை ஒத்துக்கவெச்சே?"

"ஒத்துக்க என்ன இருக்கு? உள்ளதைச் சொன்னேன்."

அக்கா திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "டேய், நீ விளையாட்டுக்குத்தானே சொல்றே?"

"என்ன விளையாட்டு?"

"அந்த டிவியில சிவப்பே வராதுடா. டியூப் போயிடுச்சு. அதனாலதானே அப்பா அதை ஹால்ல இருந்து எடுத்து நமக்குத் தள்ளிவிட்டார். உனக்குத் தெரியாதா?"

கலர்காரர் சிரித்தார். பிறகு வாதாடினார். அவர் வாதாடிய அழகை அவரே நடித்துக் காட்டுவார். "எல்லாமே பச்சையா தெரிஞ்சா எனக்குத் தெரியாம இருக்குமா?" என்று கேட்டார். அந்த டிவியில் அந்த ஒரு கேமைத் தவிர வேறு எதைப் பார்த்தோம் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். "ஆளுங்க மூஞ்சிகூடப் பச்சையாத்தான் இருந்துச்சு, அது பனிமூட்ட ஊரு, அப்படித்தான் இருக்கும்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நான் என் சிநேகிதி வீட்டுல அதே கேமைப் பார்த்தேன்" என்றாள் அக்கா. "சுவர் சிவப்பு. விளக்கு மஞ்சள். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன். நீ டிவி முன்னால மண்டி போட்டு உட்கார்ந்துட்டு எனக்கே விளக்கம் சொன்னே. அந்த ஊரு ஏரிக்கு அடியில இருக்கு, அதான் பச்சை, விளக்கேற்றி தண்ணிக்குள்ள நடக்கிறான், அதான் மெதுவா நடக்கிறான்னு. நீ சொன்ன கதை அந்தக் கேமைவிட நல்லா இருந்துச்சுடா. எப்படிச் சொல்றது? அப்புறம் தானா தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுச் சுவருக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பம் அட்டை. அது அவரோடு சேர்ந்து சாய்ந்தது.

அக்கா போனபிறகு அவர் மனதில் ஓடியதை எல்லாம் எழுதினால் அவருடைய பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகாது. யாருக்குத் தெரியப்போகிறது என்று முதலில் தோன்றியது. கேமை உருவாக்கினவர்களுக்கு வயசாகியிருக்கும், கண்ணாடி போட்டிருப்பார்கள், நிறம் மறந்திருக்கும். பிறகு, உருவாக்கினவர்களுடைய டிவியில்தான் கோளாறு இருந்திருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. அதை நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூடவே, நான் பொறுப்பு என்று சொன்ன பெண்ணின் முகமும் வந்தது. அந்தப் பொறுப்பைத் தூக்கி மேடம் தலையில் வைத்தது சிவப்புச் செத்த ஒரு டிவி.

மேடம் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கலர்காரர் எதிரில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "சுவர் சிவப்புத்தான் மேடம். எங்க வீட்டு டிவி ரிப்பேர்."

மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க?"

முழுவதையும் சொன்னார். மேடம் திட்டியிருந்தால் தேவலை. அவர் டப்பாவை மூடிவிட்டு, செட்டைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். சுவர், படி, விளக்கு, எல்லாம். "உங்க கண்ணுமேல சத்தியம் பண்ணீங்க" என்றார், சத்தமே இல்லாமல்.

"கண்ணு நல்லாத்தான் மேடம் இருக்கு. பார்த்ததுதான் தப்பு."

"இதை நான் டைரக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அவரே போய்ச் சொன்னார். டைரக்டர் கேட்டு முடித்துவிட்டு, கூட இருந்தவர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலர்காரர் தான் குற்றவாளி என்பதையும் மறந்து, அப்பா டிவியைத் தள்ளிக்கொண்டு வந்ததை நடித்தே காட்டினார். சிரித்து முடித்ததும் டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை காலையில இங்க பச்சையா ஒரு பொட்டு தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கலர்காரர் கடைக்கு ஓடினார். மேடம் முதலில் கொண்டுவந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். அந்தச் சிவப்பு அவருக்குப் பிடிபடவே இல்லை, யாரோ எவரோ வீட்டுச் சுவராக இருந்தது. படத்தைக் கொண்டுபோய் மெஷின் வாயில் வைத்தார். கல்லாவில் இருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

வியாழன் முழுக்க அவரும் ரோலர் பிடித்தார். பச்சைமேல் சிவப்பு அடித்தால் முதல் கோட்டில் சேறாகத்தான் தெரியும். இரண்டாவதில் கொஞ்சம் தெளிந்தது, மூன்றாவதில் செங்கல்லானது. தச்சர் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு ரோலரை எடுத்துக்கொண்டார். கதவுக்கு இடதுபக்க விரிசலுக்குள் இருந்த கடைசிப் பச்சையைக் கலர்காரர் சின்ன பிரஷ்ஷால் மூடினார். அங்கே மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. மூடத்தான் வேண்டும், மூடினார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் செட்டைச் சுற்றினார்கள். அவர்களில் வயதான ஒருத்தர் வீட்டுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டு, கோட்டுப் பொத்தான்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். மேடம் தூரத்திலிருந்து கலர்காரரைப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, முறைக்கவும் இல்லை.

சீரிஸ் வெளியான அன்று ஊரே கொண்டாடியது. அந்த வீடு அப்படியே இருக்கிறது, கேமுக்குள்ளேயே போய்விட்டோம் என்று எழுதினார்கள். கலர்காரரும் எல்லாவற்றையும் படித்தார். கடைசிப் பகுதியைப் பார்க்க அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாலு பட்டைச் சுவருக்கு முன்னால் அக்கா, தம்பி, மனைவி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். விளக்கேற்றி தெருத்தெருவாக வந்தான். கடைசி விளக்கை ஏற்றினான். செங்கல் சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கதவு திறந்தது. கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனைவி தேம்பித் தேம்பி அழுதாள்.

கலர்காரருக்கு ஒன்றும் வரவில்லை. அழகான வீடு, நல்ல பூச்சு, மூன்று கோட். அவ்வளவுதான் தோன்றியது. பயந்துபோய் அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணும் காய்ந்து கிடந்தது.

"ரிமோட்டைக் குடு" என்றாள் அக்கா.

படத்தைப் பின்னால் ஓட்டி, கடைசித் தெருவில் நிறுத்தினாள். டிவியின் மெனுவுக்குள் போனாள், அதற்குள் இன்னொரு மெனு, அதற்குள் இன்னொன்று. விரல் வேகம் அப்படியே இருந்தது. சிவப்பு என்று எழுதியிருந்த கோட்டைப் பிடித்துக் கீழே கீழே இறக்கி, பூஜ்யத்தில் விட்டாள். பிறகு சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். கலர்காரரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கேற்றி தண்ணீருக்குள் நடந்து வந்தான். விளக்கு எரிந்தது. சுவர் பாசியாக எழுந்து நின்றது. உலகத்தில் எல்லோருக்கும் தப்பான அந்த வீட்டில் குடியிருந்தது மொத்தமே இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் கதவு திறந்தது. கலர்காரர் வெட்கமில்லாமல் அழுதார். அக்கா அவர் முதுகில் கையை வைத்தாள், அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருந்த டிவியை ஏன் இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க? எல்லார் மூஞ்சியும் பச்சையா இருக்கு. மாத்தட்டுமா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் கலர்காரர்.